தவிட்டுக்கு வாங்க வந்தவள்

குழந்தைகளைக் கண்டதும் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுகிற ரகம் இல்லை நான். தூக்கச் சொன்னால் தூக்குவேன், கழுத்தைத் தாங்கிப் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். சமூகப்பணிப் படிப்பில் களப்பணிக்கு என்னைத் தத்தெடுப்பு மையத்தில் போட்டபோது வகுப்பில் பாதிப் பேருக்கு வயிற்றெரிச்சல். எனக்குச் சிறைச்சாலை கிடைத்திருந்தாலும் ஒன்றுதான், முதியோர் இல்லம் கிடைத்திருந்தாலும் ஒன்றுதான். மையம் பாலிகஞ்சில் இருந்தது. எங்கள் வீடு இருக்கிற லேக் மார்க்கெட்டிலிருந்து ஒரே ஆட்டோவில் போய்விடலாம் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

ஸ்ரீனிவாசராகவன் சார், விசாரணைக் குழுவில் தமிழ் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அப்பாவோடு ஒரே வங்கியில் வேலை பார்த்தவர். “நீ பாலசுப்ரமணியன் பொண்ணா?” என்று கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். பிறகு, நடந்ததெல்லாம் தமிழில் நடந்ததால் தமிழிலேயே எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். அது நியாயம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த தமிழ் இது.

இந்தத் தமிழால் எனக்கு அதுவரை ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை. கல்லூரியில் நான் மத்ராஸி. வங்காளிப் பெண்களைவிட நன்றாக வங்காளம் பேசினாலும் மத்ராஸிதான். மாம்பலத்துக்கு லீவில் போனால் சித்தி பெண்கள் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். “ஸ்மிதா பேசறது ரசகுல்லாத் தமிழ்டி” என்று ஒருத்தி சொல்லி, அது வீடு முழுக்கப் பரவிவிட்டது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்வது?

மையத்தில் கீழே அலுவலகம், மாடியில் குழந்தைகள். நாங்கள் எல்லோரும் ரத்னாதி, அதாவது ரத்னா அக்கா, என்று கூப்பிடுகிற மூத்த சமூகப் பணியாளர்தான் எனக்கு மேற்பார்வை. முதல் சில வாரங்கள் நான் அங்கே செய்தது பால்பவுடர் டப்பாக்களை அடுக்கியதும், வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்ததும். ரத்னாதிக்கு என் பெயர் ஞாபகம் இருந்ததே இல்லை. ஸ்னேகா என்றுதான் கூப்பிடுவார், அது எனக்கு முன்னால் களப்பணிக்கு வந்த பெண்ணின் பெயர். நான் திருத்தவில்லை.

பிரபா வந்தபிறகு அது மாறியது.

கிடர்பூரில் துறைமுகத்துக்குப் பின்னால் பெத்துராஜ் என்பவர் முறுக்கு, சேவு, மிக்சர் போடுகிற பட்டறை வைத்திருக்கிறார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். வேலைக்கு ஆட்களையும் அங்கிருந்தே கூட்டி வருவார். பிரபா அவருக்கு அண்ணன் மகள் முறை. இருபது வயது இருக்கும். முன்கை முழுக்க எண்ணெய் தெறித்த புள்ளிகள். கூட வேலை பார்த்த குமரவேல் என்பவனோடு ஊர்க் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டவள், பதிவு என்று எதுவும் கிடையாது. முதல் குழந்தை ஊரில் பிறந்து சில நாட்களில் இறந்துவிட்டது. இரண்டாவது வயிற்றில் இருக்கும்போது குமரவேல் சூரத்துக்கு வேலை தேடிப் போனான், திரும்பவில்லை. இந்தக் குழந்தை இங்கே அரசு மருத்துவமனையில் பிறந்தது. பெண் குழந்தை. எடை குறைவு, பிறந்ததிலிருந்து சளி. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிகளுக்கு நடுவே அதை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றவர்களை யாரோ எங்களிடம் அனுப்பி வைத்தார்கள்.

பெத்துராஜின் மனைவி சரோஜாவுக்குக் கடைத்தெரு ஹிந்தி வரும். பிரபாவுக்குத் தமிழ் மட்டும்தான். ஆனால் குழந்தையை ஒப்படைக்கிற தாயிடம் தனியாகத்தான் பேச வேண்டும். உறவுக்காரர் பக்கத்தில் இருந்தால் மிரட்டி எழுதி வாங்கியதாகிவிடும். அதனால் சரோஜாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உள்ளே ரத்னாதி, பிரபா, நடுவில் நான். பிரபாவைப் பாதுகாக்க வைத்த விதி அது. அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

ரத்னாதி வங்காளத்தில் நீளமாகப் பேசினார். இது விளையாட்டு இல்லை. கையெழுத்துப் போட்டால் தாய் என்ற உரிமை உன்னைவிட்டுப் போகத் தொடங்கிவிடும். மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. அது தாண்டினால் வேறு பெற்றோர் வருவார்கள், பிறகு நீ கேட்டாலும் குழந்தை எங்கே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உனக்கு உதவி வேண்டுமா, வேறு வழி பார்க்கலாமா, என்றெல்லாம் கேட்டார். ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார், நான் மொழிபெயர்க்க வசதியாக.

பிரபா களைத்துப் போயிருந்தாள். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. அவளிடம் நான் இப்படிச் சொன்னேன்:

“இங்க நன்னா பார்த்துப்பா. டாக்டர் வருவார். ரெண்டு மாசம் டயம் இருக்கு.”

“ரெண்டு மாசத்துக்குள்ள திரும்ப வாங்கிக்கிடலாமாக்கா?”

“வாங்கிக்கலாம்.”

“அப்பச் சரிக்கா” என்றாள். முகம் தெளிந்துவிட்டது.

பொய் ஒன்றும் சொல்லவில்லை, கவனியுங்கள். சுருக்கினேன். வீட்டில் டாக்டர் சொல்வதைப் பாட்டிமார்களுக்கு யாரும் முழுதாகச் சொல்வதில்லையே, அந்த மாதிரி. குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் போனபோதும் இதுதான் நடந்தது. புரிந்துதான் கொடுக்கிறாயா என்று கேட்டார்கள். “தெரிஞ்சுதானே குடுக்கறே?” என்று நான் கேட்டேன். “தெரிஞ்சுதான்க்கா” என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். பொதுவாக அந்த இடத்தில் பெண்கள் மயங்கி விழுவார்களாம், அல்லது பேனாவைத் தூக்கி எறிவார்களாம். இவ்வளவு அமைதியாக ஒரு தாய் ஒப்படைத்துத் தான் பார்த்ததில்லை என்று ரத்னாதி எல்லோரிடமும் சொன்னார். என்னைக் காட்டி, “ஸ்மிதா இல்லாவிட்டால் இது நடந்திருக்காது” என்றார். என் பெயரைச் சரியாகச் சொன்னது அன்றுதான். கல்லூரிக்குப் போன் செய்தும் சொல்லியிருக்கிறார். இந்தக் கேஸையே கருத்தரங்கில் மாதிரியாக வைக்கும்படி பேராசிரியர் கேட்டார். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

மழைக்காலம் வந்தது. பாலிகஞ்ச் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர். அப்படி ஒரு நாளில் பிரபா தனியாக வந்தாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. பஸ்காரனிடம் இடத்தின் பெயரை மட்டும் சொல்லிச் சொல்லியே வந்து சேர்ந்திருக்கிறாள். மார்போடு ஒரு பாலிதீன் பையை அணைத்திருந்தாள், அதற்குள் மஞ்சள் துணியில் முடிந்த ஏதோ ஒன்று. அவள் நனைந்திருந்தாள், அது நனையவில்லை.

“அக்கா, பிள்ளைய வாங்கிட்டுப் போக வந்துருக்கேன். தவுடு கொண்டாந்துருக்கேன். இங்ஙன மாட்டுக் கொட்டாயில கேட்டு வாங்குனேன்” என்றாள்.

தவிடு எதற்கு என்று எனக்கு அப்போது தெரியாது. மற்றது புரிந்தது. குழந்தையைத் திருப்பிக் கேட்கிறாள். அவகாசம் முடிய இன்னும் நாள் இருந்தது. சொல்ல வேண்டியது ஒரு வரி. அதற்கப்புறம் ரத்னாதி நலக் குழுவுக்குப் போன் செய்வார், இரண்டு மூன்று நாளில் குழந்தை அவள் கையில் இருக்கும். அவ்வளவு சுலபம்.

ரத்னாதி மேஜையிலிருந்து என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

“குழந்தை நன்றாக இருக்கிறதா என்று கேட்டுப் போக வந்திருக்கிறாள். ஏதோ நேர்த்திக்கடன் பொருள் கொண்டுவந்திருக்கிறாள்” என்றேன்.

இந்த இடத்தைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். யோசித்துச் சொன்னாயா, வாய் தவறி வந்ததா என்று. நானும் அதற்கப்புறம் யோசித்துப் பார்த்தேன். வாய் தவறவில்லை. அவள் கேட்டதைச் சொல்லியிருந்தால், அப்படியானால் அன்றைக்கு ஏன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள் என்று ரத்னாதி கேட்டிருப்பார். நான் எதைச் சொன்னேன், எதை விட்டேன் என்று தோண்டியிருப்பார். கருத்தரங்கு அடுத்த வாரம். ஆனால் அதற்காகத்தான் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அவளுடைய குழந்தையைப் பற்றித்தான் கவலை.

ரத்னாதிக்கு மனம் இளகிவிட்டது. குழந்தை நன்றாக இருக்கிறது, எடை கூடியிருக்கிறது, பார்க்க விட்டால் உனக்குத்தான் கஷ்டம், தைரியமாகப் போ என்றார். தலையைத் தடவிக்கூடக் கொடுத்தார். பிரபா என் முகத்தைப் பார்த்தாள்.

“குழந்தைக்கு ஜுரம். ஆஸ்பத்திரில வச்சிருக்கா. நீ கொஞ்ச நாள் கழிச்சு வா” என்றேன்.

“அதுக்குத்தான்க்கா இந்தத் தவுடு. மூத்ததுக்குச் செய்யாம விட்டுட்டோம். அதான் தங்கல” என்றாள். தவிட்டை வைத்துவிட்டுப் போகட்டுமா என்று ஒரு கணம் யோசித்து, “வேணாம், பிள்ளைய வாங்கையிலதான் குடுக்கணும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு போனாள். ரத்னாதியைப் பார்த்துக் கும்பிட்டாள். தலையைத் தடவிக்கொடுத்த கை அல்லவா!

அன்று வீட்டில் அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா கேட்கிற மாதிரி, தவிட்டுக்கும் குழந்தைக்கும் என்னம்மா சம்பந்தம் என்று கேட்டேன்.

“தவிட்டுக்கு வாங்கறதைக் கேக்கறியா? உன் நடராஜ மாமாவையே அப்படித்தான் வாங்கினா. அவனுக்கு முன்னால ரெண்டு தங்கலை. அதனால பொறந்த ஒடனே அடுத்தாத்து மாமி கையில தூக்கிக் குடுத்துட்டா. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு படி தவிட்டைக் குடுத்துத் திருப்பி வாங்கிண்டா.”

“எதுக்கு?”

“யாரு கேட்டாலும் இது எங்க கொழந்தை இல்லை, தவிட்டுக்கு வாங்கினதுன்னு சொல்லிடலாமே. எமனுக்கும் அது போறும். இவ்வளவு மட்டமான சரக்கா, வேண்டாம்னு போயிடுவான்.” அம்மா சிரித்தாள். “இன்னிக்கு அவனுக்கு அறுபது வயசாறது, ஒரு தலைவலி கெடையாது.”

“அந்த மாமி திருப்பிக் கொடுக்கலைன்னா?”

“நன்னாருக்கு. எவளாவது குடுக்காம இருப்பாளா?” என்று அம்மா அடுத்த தோசைக்கு மாவை எடுத்தாள். “எதுக்குடி கேக்கறே?” என்றாள். கருத்தரங்குக்கு என்றேன்.

ஆக, எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று என் வக்கீல் சொல்லச் சொல்கிறார். அது சரியில்லை. பிரபா குழந்தையை யாருக்கும் கொடுக்கவே இல்லை. பிழைக்க வைப்பதற்காக எங்கள் கையில் கொஞ்ச நாள் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். திரும்ப வாங்கலாம் என்று நான் சொன்னதும் அவள் முகம் தெளிந்தது அதனால்தான். டாக்டரும் பால்பவுடரும் மாடிக் கட்டிலும் உள்ள ஒரு அடுத்த வீட்டு மாமி, அவ்வளவுதான் நாங்கள் அவளுக்கு. அந்தத் தோசையைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் எனக்கு இது முழுக்கப் புரிந்தது. இன்னொரு தோசையும் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ரத்னாதியிடம் சொல்லியிருக்கலாம். அதற்கு மறுநாளும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று நான் அப்போதே தெளிவாக யோசித்து வைத்திருந்தேன். தகப்பன் இல்லை. பட்டறையில் கொதிக்கிற எண்ணெய். ஒரு குழந்தை ஏற்கெனவே இறந்திருக்கிறது, அதற்குக் காரணம் தவிடு கொடுக்காததுதான் என்று நம்புகிற தாய். குழந்தையோடு வந்தால் வேலை இல்லை என்று சித்தப்பா விரட்டிவிடுவார். இந்தப் பக்கம் எங்கேயோ ஒரு தம்பதி, பல வருடமாகக் காத்திருப்பவர்கள், படித்தவர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழந்தையின் நலனே முதன்மை என்பதைத்தான் எங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். கருத்தரங்கும் நன்றாக நடந்தது.

அடுத்த தடவை பிரபா வந்த நாளில் ரத்னாதி வெளியே போயிருந்தார். பிரபா புதுப்புடவை கட்டியிருந்தாள். ஊரில் அவள் அம்மாவிடம் பேசிவிட்டாளாம், பிள்ளையோடு வா என்று சொல்லிவிட்டார்களாம். அன்று சாயங்காலம் ஹவுராவிலிருந்து சென்னை ரயில். சித்தப்பா சாமான்களோடு அங்கே நேராக வந்துவிடுவார். அதே மஞ்சள் துணி முடிச்சு கையில் இருந்தது.

“இப்ப ஜுரம் விட்டுருச்சாக்கா?”

மாடியில் ஒரு குழந்தை அழுதது. பிரபா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அது அவளுடையது இல்லை. அவளுடையது அழவே அழாது, அந்த நேரத்தில் தூங்குகிற குழந்தை.

அவகாசம் இன்னும் முடியவில்லை. இவள் இங்கேயே உட்கார்ந்துவிட்டால் ரத்னாதி வந்துவிடுவார். ஊருக்குப் போனாலும் திரும்பித் திரும்பி வருவாள், யாராவது ஒரு தமிழ் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவாள். வராமல் இருக்க வேண்டும் என்றால் வருவதற்குக் காரணம் இல்லாமல் போக வேண்டும். எனக்குக் கோபமோ பதற்றமோ இல்லை. மாடிப்படிக்குக் கீழே அழைத்துப் போய், தோளில் கை வைத்து, எப்படிச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மாதிரியே சொன்னேன்.

“பிரபா, குழந்தை தவறிப்போயிடுத்து.”

அவள் கத்தவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள். முடிச்சை மட்டும் கீழே வைக்கவில்லை.

“எப்பக்கா?”

“முந்தாநாள்.”

“முந்தாநாளே நான் வந்திருப்பேனேக்கா. சித்திதான் மழையா இருக்கு, ரெண்டு நாள் போவட்டும்னு சொல்லிச்சு.”

முகத்தையாவது பார்க்க வேண்டும் என்றாள். முடியாது, ஆகிவிட்டது என்றேன். எங்கே புதைத்தீர்கள் என்றாள். அதை நான் யோசித்து வைக்கவில்லை. சின்னக் குழந்தைகளை இங்கே கங்கையில் விட்டுவிடுவார்கள் என்றேன். அந்த இடத்தையாவது காட்டுங்கள் என்றாள். அப்படியே விட்டு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, சார். என் பையை எடுத்துக்கொண்டு கூடப் போனேன். பாபுகாட் படித்துறைக்கு டாக்சி பிடித்தேன். வழியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தேன். அவள் பிஸ்கட்டைப் பிரிக்கவில்லை.

படித்துறையில் நிறையப் பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒரு படியைக் காட்டி இங்கேதான் என்றேன். பிரபா இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, முடிச்சை அவிழ்த்து, தவிட்டை ஆற்றில் கொட்டினாள். அது உடனே மூழ்கவில்லை. பழுப்பாகப் பரவி, கொஞ்ச தூரம் போய், படகுத்துறைப் பக்கம் ஒதுங்கியது. துணியை அலசிப் பிழிந்துகொண்டு மேலே வந்தாள்.

“நான்தான்க்கா லேட் பண்ணிட்டேன். அன்னைக்கே தவுட்ட உங்ககிட்டக் குடுத்துட்டுப் போயிருந்தா பிழைச்சிருக்கும்” என்றாள்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் யார்மேலாவது பழி போட்டால்தான் மனசு ஆறும். எங்கள் பாடத்திலும் அப்படித்தான் இருக்கிறது. அவள் தன் மேலேயே போட்டுக்கொண்டது அவளுக்கு ஒரு வகையில் எளிது என்று நினைத்தேன்.

படகில் ஹவுராவுக்குப் போனோம். பெத்துராஜ் ஸ்டேஷனில் கடிகாரத்துக்குக் கீழே பெட்டிகளோடு நின்றார். அவர் தோளில் ஒரு பழைய நூல் சேலையும் புதுக் கயிறும். ரயிலில் சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே தூளி கட்டக் கொண்டுவந்திருக்கிறார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து அந்தச் சேலையில் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்த மனுஷரைப் பற்றி நான் தப்பாகக் கணித்துவிட்டேன் என்று அப்போது தோன்றியது. ஆனால் மற்றக் காரணங்கள் இருக்கத்தானே செய்தன. பிரபாவை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, ரயில் கிளம்பும்வரை நின்றுவிட்டுத்தான் வந்தேன். போகும்போது, “நீங்க இல்லேன்னா எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுக்கா” என்றாள். அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன். அதற்குப் பிறகும் நன்றாகத்தான் தூங்குகிறேன். அது ஏன் என்று தெரியவில்லை.

அவகாசம் முடிந்தது. தாய் வந்து கேட்கவில்லை என்று நானே ரத்னாதியிடம் உறுதி சொன்னேன். எல்லாம் முறைப்படி நடந்தது. துர்கா பூஜை கழிந்து, நாக்பூரிலிருந்து கிரீஷ், மாதவி என்ற தம்பதி வந்தார்கள். மாதவி தைத்த சின்னச் சின்னத் தொப்பிகளை ஒரு பிரம்புக் கூடையில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். மூன்று தடவை துவைத்து மெதுவாக்கிய துணிகளாம். குழந்தை கிரீஷின் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. இரண்டு பேரும் அழுதார்கள். நான் செய்தது சரிதான் என்று அதைப் பார்த்தபோது தோன்றியது. என் கண்ணிலும் தண்ணீர் வந்தது, நான் அப்படிப்பட்டவள் இல்லை என்றாலும்.

என் களப்பணி முடிந்து நான் கிளம்பிய பிறகுதான் சரோஜா மையத்துக்கு வந்திருக்கிறார். ஊரில் பிரபா சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. இறந்த பிள்ளை போட்டிருந்த சட்டை ஒன்று கிடைத்தால் அனுப்புங்கள் என்று மட்டும் போனில் கேட்டிருக்கிறாள். அதைக் கேட்டு வாங்க, ஒரு டப்பா முறுக்கோடு வந்து, தன் கடைத்தெரு ஹிந்தியில் ரத்னாதியிடம் நேராகவே கேட்டுவிட்டார். எந்தப் பிள்ளை இறந்தது என்று ரத்னாதி கேட்டிருக்கிறார். நடுவில் நிற்க அன்று யாரும் இல்லை.

ரத்னாதி என்னைக் கூப்பிட்டு ஒன்றும் திட்டவில்லை. “அவள் தலையை நான் தடவிக்கொடுத்தேனே, ஸ்மிதா” என்று மட்டும் சொன்னார். அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார். வேலையை விட்டுவிட்டாராம். அதற்கு நான் வருத்தப்படுகிறேன், நல்ல மனுஷி.

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு நேராகவே பதில் எழுதிவிடுகிறேன். பிரபா குழந்தையை அவகாசத்துக்குள் திருப்பிக் கேட்டாள். நான் அதை மறைத்தேன். உயிரோடு இருக்கிற குழந்தையை இறந்துவிட்டது என்று சொன்னேன். ஆற்றில் ஒரு இடத்தைக் காட்டி அதுதான் என்று நம்ப வைத்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, யாரிடமும் ஒரு பைசா வாங்கவில்லை. எல்லாம் நானாகச் செய்தது. கையெழுத்துப் போடத் தயார்.

குழந்தை இப்போது நாக்பூரில் பிடித்துக்கொண்டு நிற்கிறதாம். மாதவியை அம்மா என்கிறதாம். இனி அது யாரிடம் இருக்க வேண்டும் என்று கோர்ட்டு முடிவு செய்யட்டும். அதற்கு முன்னால் பிரபாவிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும், அதை யார் சொல்வது என்றுதான் குழுவில் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அப்பா சொன்னார். அப்பா இப்போதெல்லாம் என்னிடம் பேசுவது இந்த மாதிரித் தகவல்கள் மட்டும்தான். பிரபா இன்னும் குழந்தை ஆற்றில் போய்விட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். யாரோ ஒருவர் போனை எடுத்து, இல்லை, உன் மகள் இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும்.

சார், தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் பேசினால் அவளுக்குப் பாதி புரியாது. ஏதோ பெரிய ஆபீசர் என்று பயந்துவிடுவாள். சரோஜா பேசினால் அழுது ஊரைக் கூட்டிவிடுவார். நாக்பூரையும் கோர்ட்டையும் அம்மா என்று கூப்பிடுவதையும் ஒரேயடியாகக் கொட்டினால் அந்தப் பெண் தாங்க மாட்டாள். போனை என்னிடம் கொடுங்கள். அவளுக்கு என்னிடம்தான் நம்பிக்கை. எவ்வளவு தெரிந்தால் அவளுக்குப் போதும் என்பது எனக்குத் தெரியும்.